கம்பளத்துக்குப் பூ எதற்கு?

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஒரு பவழமல்லி மரம் நிற்கிறது. அதன் காலடியில் நந்தியாவட்டை, கனகாம்பரம், யார் நட்டதென்று யாருக்கும் தெரியாத நித்தியகல்யாணி எல்லாம் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு வாழ்கின்றன. போன மாதம் கூடிய சங்கக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டுப் புல்தரை போடுவது, புல்தரையின் நடுவில் சிவப்பு இலைச் செடியாலும் மஞ்சள் இலைச் செடியாலும் குடியிருப்பின் பெயரை எழுதுவது என்று தீர்மானமாயிற்று. வரைபடம் கொண்டுவந்தவர் ஒரு கட்டிடக் கலைஞர்; நல்ல மனிதர். படமும் அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செடிகளை மாற்றிவிட்டால் எழுத்து எப்போதும் பளிச்சென்று இருக்கும் என்றார். எங்கள் தோட்டக்காரர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அபிப்பிராயம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் எழுந்து, "இந்த யோசனையை ஒருவர் 1870-ஆம் வருஷத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டாரே!" என்றேன். கூட்டம் சிரித்தது. கதை எழுதுகிறவன் கூட்டத்தில் பேசினால் கொஞ்சம் சிரிப்பது நம் ஊர் வழக்கம்; அதற்கு நான் கோபித்துக்கொள்வதில்லை. கட்டிடக் கலைஞர் மட்டும் சிரிக்காமல், "யார் ஸார் அவர்?" என்று கேட்டார். அங்கே பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

அவர் பெயர் வில்லியம் ராபின்ஸன். அயர்லாந்துக்காரர். 1838-இல் பிறந்து 1935-இல், தொண்ணூற்றாறு வயதில் இறந்தார். தோட்டத்தைப் பற்றி எழுதியே பேர் வாங்கினார், பணம் சம்பாதித்தார், விரோதிகளையும் சம்பாதித்தார். ரோஜாவுக்கு எரு வைப்பது எப்படி என்று எழுதுகிறவருக்கு விரோதிகள் எப்படி முளைப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முளைத்தார்கள். சண்டை பலமாகவே நடந்தது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை, எங்கள் சங்கக் கூட்டத்தில் நடந்தது அதன் ஒரு சிறு கைகலப்புத்தான் என்பது என் கட்சி.

சண்டை எதைப் பற்றி என்று விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய வீட்டுத் தோட்டம் எப்படி இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். 1845-இல் அங்கே கண்ணாடி மீதிருந்த வரியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மலிந்தது. செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டுவது பணக்காரர்களுக்குச் சுலபமாயிற்று. எரிக்க நிலக்கரி இருந்தது. குறைந்த கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் ஜெரேனியம், கால்ஸியோலேரியா, வெர்பினா என்று பளபளக்கும் நிறங்களோடு செடிகள் வந்து குவிந்தன. இவற்றில் பலவற்றுக்கு இங்கிலாந்தின் உறைபனி ஆகாது. அதனால் என்ன? குளிர்காலம் முழுதும் கண்ணாடிக்குள் கரி எரித்துக் காப்பாற்றினார்கள். கிளை ஒடித்து வைத்து ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். பனி நின்ற பிறகு, மே மாதக் கடைசியில், வெளியே கொண்டுவந்து பாத்திகளில் நெருக்கி நட்டார்கள். கோடை முழுதும் ஜொலிக்கும். இலையுதிர்காலத்தில் முதல் பனி விழுந்ததும் கருகிப்போகும். பிடுங்கி எறிவார்கள். அடுத்த மே மாதம் மறுபடியும் முதலிலிருந்து.

நட்ட மாதிரிதான் இன்னும் விசேஷம். வட்டம், நட்சத்திரம், பிறைச்சந்திரன் என்று பாத்திகள்; சிவப்பு ஒரு வரி, மஞ்சள் ஒரு வரி, நீலம் ஒரு வரி என்று நடவு. நாளடைவில் பூவே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தார்கள். வண்ண இலைச் செடிகளைத் தரையோடு தரையாகக் கத்தரித்துக் கம்பளம் மாதிரி விரித்தார்கள். பெயரும் கம்பளப் பாத்தி என்றே வைத்தார்கள். 1870-களில் லண்டனை அடுத்த ஸிடன்ஹாமில், கிரிஸ்டல் பேலஸ் தோட்டத்தில், பட்டாம்பூச்சி வடிவத்தில் இப்படிப் பாத்திகள் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள். நிஜப் பட்டாம்பூச்சி தேன் குடிக்க வந்து உட்காருவதற்கு ஒரு பூ விடாமல் கத்தரித்துவிட்டு, அந்த இலையாலேயே ஒரு பட்டாம்பூச்சி!

ராபின்ஸன் இந்தக் கண்ணாடி வீட்டு வேலையிலிருந்து வந்தவர். சிறு வயதிலேயே தோட்டப் பையனாகச் சேர்ந்து, அயர்லாந்தில் பாலிகில்கவன் என்ற ஊர்ப் பெரிய வீட்டில் கண்ணாடி வீடுகளுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தார். 1861-இல் அங்கிருந்து கிளம்பினார். கிளம்பிய விதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. எஜமானரோடோ தலைமைத் தோட்டக்காரரோடோ தகராறு, கடுங்குளிர் ராத்திரி, ராபின்ஸன் அடுப்புகளை அணைத்துவிட்டு, கண்ணாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துவிட்டு, டப்ளினுக்கு நடையைக் கட்டினாராம். அவரைப் பற்றி எழுதினவர்களே இதை நம்பியும் நம்பாமலும்தான் சொல்கிறார்கள்.

கதைக்காரன் என்ற முறையில் எனக்கு இந்த முதல் அத்தியாயம் ரொம்பப் பிடித்திருக்கிறது. வாழ்நாள் முழுதும் எதை எதிர்த்து எழுதப் போகிறாரோ அதன் ஜன்னலையே திறந்துவிட்டுப் போகிறார்! இதற்கு மேல் ஒரு நாவலாசிரியன் என்ன கற்பனை செய்துவிட முடியும்? ஆனால் மறுநாள் காலையில் அந்தச் செடிகள் என்னவாயின? எஜமான் மீதிருந்த கோபத்தை, வாயில்லாத ஜெரேனியத்தின் மீது தீர்த்துக்கொண்டவர் செடிகளின் வக்கீலாவது எப்படி? கதை உண்மையானால், அந்த ஒரு ராத்திரிக்காக அவரை நான் மன்னிப்பதாயில்லை.

லண்டனில் ரீஜெண்ட்ஸ் பார்க்கில் ஒரு தாவரவியல் சங்கத் தோட்டம் இருந்தது. அதில் வேலை கிடைத்தது. குளிர் தாங்கி மண்ணிலேயே வருஷக்கணக்காக வாழும் செடிகளின் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. இங்கிலாந்தின் சொந்தக் காட்டுப்பூக்களைச் சேகரிக்க அவர் கிராமப்புறங்களில் அலைய வேண்டியிருந்தது. இதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன். வேலியோரத்திலும் ஏழைகளின் குடிசை முற்றத்திலும் யாரும் கரி எரிக்காமல், யாரும் பிடுங்கி நடாமல், வருஷா வருஷம் பூத்துக்கொண்டிருந்த செடிகளை அவர் அங்கே பார்த்தார். பெரிய வீடுகள் நாகரிகமில்லை என்று தள்ளிவிட்ட பழைய பூச்செடிகள் குடிசைகளில் பத்திரமாக இருந்தன. நல்ல பழஞ்சொற்கள் பண்டிதரை விட்டு ஓடிப் பாட்டிமார் வாயில் பிழைத்துக் கிடப்பது போல.

1866-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவரைச் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். உடனே மனிதர் வேலையை விட்டார், எழுத வந்துவிட்டார். 1867-இல் பாரிஸ் கண்காட்சிக்கு 'டைம்ஸ்' பத்திரிகையின் தோட்டக்கலை நிருபராகப் போனார். 1870-இல் 'காட்டுத் தோட்டம்' என்ற பொருளில் 'தி வைல்ட் கார்டன்' என்ற சிறு புத்தகம் வந்தது. 1871-இல் 'தி கார்டன்' என்று சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை. 1879-இல் சின்ன வீட்டுக்காரர்களுக்காக மலிவு விலையில் 'கார்டனிங் இல்லஸ்ட்ரேட்டட்' என்று இன்னொன்று. 1883-இல் 'தி இங்கிலிஷ் ஃபிளவர் கார்டன்' என்ற பெரிய புத்தகம். அது அவர் உயிரோடிருக்கும்போதே பதினைந்து பதிப்புகள் கண்டது. இந்த வருமானத்தின் பலத்தில் 1880-களின் நடுவில் ஸஸ்ஸெக்ஸில் கிரேவ்டை என்ற பழைய மாளிகையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் விலைக்கு வாங்கினார். தோட்டப் பையனாக இருந்தவர் எழுதிச் சம்பாதித்து மாளிகை வாங்கினார்! தமிழ் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

'காட்டுத் தோட்டம்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடச் சொல்கிறார் என்று அன்றும் சிலர் நினைத்தார்கள், இன்றும் சிலர் நினைக்கிறார்கள். சோம்பேறிகள் அவரைத் தங்கள் குருவாக வரித்துக்கொள்வதை அவரே சகித்திருக்க மாட்டார். அவர் சொன்னது வேறு. அந்த நாட்டுச் செடியோ அந்நிய நாட்டுச் செடியோ, எதுவானாலும் சரி, இந்தச் சீதோஷ்ணத்தைத் தாங்குமா என்று பார். தாங்குமென்றால், அது எந்த மாதிரி இடத்தில் தானாகச் செழிக்கும் என்று கண்டுபிடி. அங்கே கொண்டுபோய் வை. பிறகு உன் கையை எடு. இவ்வளவுதான். இவ்வளவைச் செய்யக் குனிந்து நிமிர்ந்து பல வருஷம் பார்த்திருக்க வேண்டும். வட்டம் போட ஒரு கவராயம் போதும்.

ஓர் உதாரணத்தை மட்டும் விஸ்தாரமாகச் சொல்கிறேன். டாஃபோடில் என்ற மஞ்சள் பூவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; இங்கிலீஷ் பாடப்புத்தகம் நம்மை அதிலிருந்து தப்ப விட்டதில்லை. அது கிழங்கிலிருந்து வருகிற பூ. பாத்தியில் வரிசையாக நடாமல், புல்லுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் நட்டுவிடச் சொன்னார் ராபின்ஸன். கிரேவ்டையில் அப்படியே நட்டார். வசந்தத்தின் தொடக்கத்தில், புல் இன்னும் உயராதபோது, பூ வந்துவிடும். பூ உதிர்ந்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. பூவுக்குப் பின் சில வாரங்கள் அதன் இலை பச்சையாக நின்று வெயிலைக் குடித்து, அடுத்த வருஷத்துப் பூவுக்கான ஆகாரத்தைக் கிழங்கில் சேமிக்கிறது. அந்தச் சமயத்தில் புல்வெட்டும் யந்திரத்தை ஓட்டினால் இலை போச்சு. அடுத்த வருஷம் பூவும் போச்சு. ஆகவே இலை தானாகப் பழுத்துச் சாயும் வரை புல்லை வெட்டக் கூடாது. கோடையின் நடு வரையில் அந்த இடம் முழங்கால் உயரப் புல்லாக நிற்கும். வெட்டின பிறகு வைக்கோலாகும்.

எங்கள் கட்டிடக் கலைஞர் இதைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எந்த இடத்தில் புல் உயரமாக நிற்கும், எந்த இடத்தில் கத்தரித்திருக்கும், பாதை எங்கே வளைய வேண்டும் என்பதையெல்லாம் இங்கே தீர்மானித்தது யார்? காகிதத்தில் பென்ஸில் வைத்தவர் அல்ல. மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. கிழங்கின் நாட்காட்டியிலிருந்து தோட்டத்தின் உருவம் பிறந்தது. ராபின்ஸனுக்கு 'டிஸைன்' தெரியாது, வெறும் செடிப் பைத்தியம் என்று அவர் காலத்திலேயே சொன்னார்கள். இது டிஸைன் இல்லையென்றால் வேறு எது டிஸைன் என்று எனக்கு விளங்கவில்லை. இலை உதிர்க்கும் மரங்களின் அடியில், மரம் துளிர்க்கு முன் கிடைக்கும் வெளிச்சத்தில் பூத்து ஓய்ந்துவிடுகிற ஸ்னோடிராப் பூக்களை வைப்பது. புதரின் மேலேயே கிளெமாடிஸ் கொடியைப் படரவிடுவது. ரோஜாவின் காலடியில் வெறும் மண் தெரியாமல் சின்னச் செடிகளைப் பரவவிடுவது, இவையெல்லாம் அதே வழியில் வந்தவைதான். ஒரு செடிக்கு இன்னொரு செடி நிழல் கொடுக்கிறது, ஈரம் காக்கிறது, தன் முறை முடிந்ததும் விலகிக்கொள்கிறது. நல்ல கூட்டுக் குடும்பம் எங்காவது உண்டென்றால் அது இப்படித்தான் இருக்கும்.

கம்பளப் பாத்தியின் மீது எனக்கிருக்கும் கோபம் அது அழகாயில்லை என்பதல்ல. சில சமயம் அழகாகவே இருக்கிறது. அங்கே செடிக்கு ஆயுள் கிடையாது என்பதுதான் என் புகார். அது மொட்டு விடலாகாது, விதை கட்டலாகாது, உயரலாகாது, பழுக்கலாகாது. வர்ணப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு துளி சிவப்பு என்பதற்கு மேல் அதற்கு உத்தியோகம் இல்லை. துளி வெளுத்தால் மாற்றிவிடு. கதையில் இந்த மாதிரி பாத்திரங்களைப் படைக்கிறவர்கள் உண்டு: நல்லவன் ஒரு வரிசை, கெட்டவன் ஒரு வரிசை, நடுவில் ஒரு தியாகி. அவற்றைப் படித்துவிட்டு, 'உயிரே இல்லையே ஸார்' என்று எனக்குக் கடிதம் எழுதுகிற வாசகர்கள் உங்களில் எத்தனையோ பேர். பூங்காவில் மட்டும் உங்களுக்கு அந்த ரோசம் ஏன் வருவதில்லை?

இனி அந்தப் பெரிய சண்டை. 1892-இல் ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் என்ற கட்டிடக் கலைஞர், இங்கிலாந்தின் ஒழுங்குமுறைத் தோட்டங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பின்னாளில் பெல்ஜியத்தில் மெனின் வாயில் என்ற யுத்த நினைவு வளைவைக் கட்டியவர், சாமானியரல்ல. தோட்டம் என்பது வீட்டின் தொடர்ச்சி, ஆகவே வீட்டை அமைக்கிறவன்தான் அதையும் அமைக்க வேண்டும், தோட்டக்காரன் செடி வளர்த்துக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ராபின்ஸனுக்கு வந்ததே கோபம்! அதே வருஷம் ஒரு பதில் புத்தகம் போட்டார். அதில் நயம் குறைவு, சூடு அதிகம். புளோம்ஃபீல்ட் தம் புத்தகத்தின் மறுபதிப்பு முன்னுரையில் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் பேனாவைச் சாணை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சண்டையின் அடியில் ஜாதி மாதிரி ஒன்று இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் சர்வகலாசாலைக் கனவான். மற்றவர் பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல் தோட்டத்தில் வாளி தூக்கி வளர்ந்தவர். 'யோசிப்பவன் நான், குழி தோண்டுகிறவன் நீ' என்று ஒருவன் சொன்னால், குழி தோண்டினவனுக்கு ரத்தம் கொதிக்காதா? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இந்த இடத்தில் நடுநிலைமை வகிக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

நடுநிலைமை வகித்தவர் ஒருவர் இருந்தார். கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற பெண்மணி. ராபின்ஸனின் பத்திரிகையில் எழுதினவர், அவருடைய சிநேகிதி. 1896-இல் 'எடின்பரோ ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரையில், இருவர் பக்கமும் நியாயம் உண்டு, இருவர் பக்கமும் தவறு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு லட்யன்ஸ் என்ற கட்டிடக் கலைஞரோடு சேர்ந்து, கல் வேலையும் படிக்கட்டும் நேர்கோட்டில், செடிகள் தம் இஷ்டத்தில் என்று அநேகத் தோட்டங்களைச் செய்தார். நம் டில்லியில் ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே, அதே லட்யன்ஸ்தான். ஜீக்கில் அம்மையாரின் தீர்ப்பு சரியானதுதான். ஆனால் சமாதானம் பேசுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு சௌகரியம் உண்டு: யாராவது முன்னாலேயே சண்டை போட்டு, கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ராபின்ஸன் இருபத்திரண்டு வருஷம் கத்தியிராவிட்டால், செடியின் இஷ்டம் என்று ஒன்று உண்டு என்பதே அந்தச் சமாதானப் பேச்சில் இடம் பெற்றிருக்காது.

என் கட்சிக்காரரை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. நேர்கோட்டை அத்தனை ஏசினவர், கிரேவ்டையில் வீட்டை ஒட்டித் தாமே நீள்சதுரப் பாத்திகளையும் கல் பாவிய நடைபாதைகளையும் போட்டுக்கொண்டார். வீட்டருகே நேர்கோடு சரி, செடிகளைச் சிறை வைப்பதுதான் தப்பு என்று சமாதானம் வேறு. இதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. எழுதுகிறபடியே வாழ்கிற எழுத்தாளனோடு ஒரு வீட்டில் குடியிருக்க முடியாது.

ஆனால் இன்னொரு குற்றம் லேசானதல்ல. எந்த நாட்டுச் செடியானாலும் செழிக்கிற இடத்தில் வைத்துக் கையை எடு என்றார் அல்லவா? அவர் அப்படிச் சிபாரிசு செய்தவற்றில் ஜப்பானிய நாட்வீட் என்ற செடியும் ஒன்று. பார்வைக்குக் கம்பீரமான செடிதான். வேரின் ஒரு சிறு துண்டு மண்ணில் கிடந்தாலும் மறுபடி முளைக்கும்; தார் ரோட்டைப் பிளந்துகொண்டு வரும். நடுவது சுலபம், ஒழிப்பது கஷ்டம் என்று பின்னால் அவரே எச்சரித்தார். எச்சரிக்கை பிந்திவிட்டது. 1981-இல் பிரிட்டனில் அதை வெட்டவெளியில் நடுவதைக் குற்றமாக்கிச் சட்டமே செய்தார்கள். இன்றைக்கும் அங்கே வீட்டுக் கொல்லையில் அது இருந்தால், வீடு வாங்கக் கடன் கொடுக்கிறவர்கள் யோசிக்கிறார்கள். ராபின்ஸன் ஒருவரால் மட்டும் அது பரவியதென்று சொல்வது அநியாயம். அவருக்கு முன்பே அது அங்கே வந்தாயிற்று. ஆனாலும், கையை எடு என்று சொல்வதற்கு முன், அந்தச் செடி எங்கே நிற்கும் என்பதோடு எங்கே நிற்காது என்பதையும் அவர் பார்த்திருக்க வேண்டும். நமக்கு இது புரியாத விஷயமல்ல. பூ அழகாயிருக்கிறதென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் என்ன செய்திருக்கிறது, ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவர்கள்தானே நாம்?

எங்கள் சங்கத்தில் ஒருவர், "இங்கிலாந்துக்காரன் சண்டை நமக்கெதற்கு?" என்று கேட்டார். இலையால் பெயரெழுதுகிற இந்த வித்தை பின் யாருடையது? நம் கோயில் நந்தவனங்களில் உண்டா? நந்தவனத்தில் பூச்செடி இருக்கும், பறித்து மாலை கட்டுவார்கள், செடி மறுபடி பூக்கும். கம்பளப் பாத்தி வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது. உதகமண்டலத்தில் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் என்பவர் 1848-இல் வந்து தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். அந்தத் தலைமுறையின் ரசனை, அப்போது அங்கே எது நாகரிகமோ அது, இந்த மாதிரிப் பூங்காக்களின் வழியாக நம் ஊர்களுக்கு இறங்கியது. அங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன், முனிசிபல் பார்க், கலெக்டர் ஆபீஸ் வாசல். உதகை மலர்க்காட்சியில் பூக்களைச் செருகிக் கட்டிடமும் மிருகமும் செய்து வைப்பதைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். நானும் குழந்தைகளோடு போயிருக்கிறேன், போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அதே பூங்காவில் கொஞ்சம் மேலே ஏறினால் பழைய மரங்கள், பெரணிகள், பாசி. அங்கே கூட்டமில்லை. அங்கே உட்கார்ந்து என் குழந்தை கேட்ட கேள்விகள்தான் எனக்கு ஞாபகமிருக்கின்றன. கீழே பார்த்தது யானையா கோட்டையா என்பதுகூட மறந்துபோயிற்று.

வெள்ளைக்காரனிடமிருந்து கம்பளத்தை வாங்கிக்கொண்டோம். அதைக் கிழித்தவனை மட்டும் கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டோம். இங்கிலாந்திலும் கம்பளப் பாத்தி அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பது வாஸ்தவம். நகரசபைகள் இன்னும் பூவால் கடிகாரம் செய்கின்றன. ஆனால் அங்கே வீட்டுத் தோட்டம் போடுகிற சாதாரண மனுஷர் யாரும் நட்சத்திரப் பாத்தி வெட்டுவதில்லை. உயரமும் குட்டையுமாகப் பல செடிகள் கலந்து வருஷக்கணக்காக நிற்கும் பாத்தியைத்தான் போடுகிறார். அது ராபின்ஸன் எழுதி எழுதிச் சாதித்தது.

கடைசி வருஷங்களில் முதுகு அடிபட்டு அவரால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுமார் கால் நூற்றாண்டு கிரேவ்டையைச் சுற்றி வந்தார். இருபது வருஷ வேலையின் குறிப்புகளை 1911-இல் புத்தகமாகப் போட்டார்: எந்த வருஷம் எங்கே என்ன மரம் வைத்தோம் என்கிற மாதிரி சங்கதிகள். அதில் இலக்கிய ரஸம் தேடாதீர்கள். எனக்கென்னவோ அவருடைய ஆவேசக் கட்டுரைகளைவிட அந்த மாதிரி எழுத்தின் மீதுதான் மரியாதை. சாகும்போது நிலத்தை வனப் பராமரிப்புக்கென்று நாட்டுக்கு எழுதி வைத்தார். மாளிகை 1958 முதல் ஹோட்டலாக இருக்கிறது. தோட்டம் இருக்கிறது.

கூட்டம் முடிந்த அன்று வெளியே வந்தபோது எங்கள் தோட்டக்காரரிடம், "நீங்கள் என்ன பெரியவரே நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "பேரை எழுதட்டுங்க ஸார். ஆனா பவழமல்லி அடியிலே புல்லு வராதுங்க, நெழலு. வெட்டினாத்தான் வரும்" என்றார். வரைபடத்தில் பவழமல்லிக்கு நேராக ஒரு பச்சை வட்டம் மட்டும் போட்டிருந்தது. நிழல் போட்டிருக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். மரத்தை வெட்டுவதா, எழுத்தை நகர்த்துவதா என்று பேசப் போகிறோம். தோட்டக்காரருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரியதரிசி பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஐந்து நிமிஷம் தந்திருக்கிறார். ராபின்ஸன் பெயரை எடுக்கக் கூடாதாம்.